கணினி வரைகலையில் மனித உருவம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணினியில் உருவாக்கிய மனித முகம் உயிரற்றதாகத் தெரியும்போது, இத்துறைக்குப் புதியவர்கள் முதலில் செய்வது தோலின் நுண்துளைகளை இன்னும் ஆழமாகச் செதுக்குவதுதான். பெரும்பாலும் அதனால் பயனில்லை. ஜப்பானிய ரோபாட்டிக்ஸ் அறிஞர் மசாஹிரோ மோரி 1970இல் சுட்டிக்காட்டியபடி, ஓர் உருவம் மனிதரை ஒத்துவர ஒத்துவர அதன்மீது நமக்குள்ள ஈர்ப்பு கூடிக்கொண்டே போய், ஏறத்தாழ மனிதராகவே ஆகிவிட்ட கட்டத்தில் சட்டென அருவருப்பாக மாறுகிறது. ஆகவே பிழை வேறிடத்தில் இருக்கும்போது தோலில் விவரங்களைச் சேர்த்தால், அந்தப் பிழை முன்னைவிட அதிகமாக உறுத்தும்.

அந்த வேறிடம் பல நேரங்களில் கண்ணாகவே இருக்கிறது. வழுவழுப்பான ஓர் உருண்டையின்மேல் கருவிழிப் படத்தை ஒட்டிவிட்டுக் கண் முடிந்துவிட்டதாக நினைப்பது மிகப் பரவலான தவறு. வளர்ந்தவரின் விழிக்கோளம் சுமார் 24 மில்லிமீட்டர் விட்டமுடையது; ஆனால் அது முழு உருண்டையன்று. முன்புறத்தில் கார்னியா என்ற ஒளிபுகும் படலம் தனியே புடைத்து நிற்க, ஐரிஸ் என்ற நிற வளையம் அதற்குப் பின்னால் சற்று உள்வாங்கி அமைந்திருக்கிறது. கார்னியா ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைக் காட்டும் ஒளிவிலகல் எண் சுமார் 1.376 என்பதையும் கணக்கில் கொண்டு இரண்டையும் தனித்தனி வடிவங்களாகச் செய்தால்தான் பார்வைக்கு ஆழம் கிடைக்கும். கீழிமை விழியைத் தொடும் இடத்தில் கண்ணீரின் மெல்லிய ஈரக்கோடு ஒன்று ஒளியை வாங்கி மின்னும். அக்கோடு இல்லாத முகம், முகமூடிக்குப் பின்னாலிருந்து யாரோ எட்டிப் பார்ப்பதுபோல் இருக்கும். வெண்விழியைத் தூய வெள்ளையாக விடுவதும், மேலிமையின் நிழல் அதன்மேல் விழாமல் விடுவதும் இதே வகைப் பிழைகள். பற்களுக்கும் இது பொருந்தும்.

தோலில் நிகழும் தவறு வேறு விதமானது. தோலில் படும் ஒளி முழுவதும் மேற்பரப்பிலேயே திரும்பிவிடுவதில்லை. ஒரு பகுதி உள்ளே புகுந்து, சிதறி, வேறோர் இடத்தில் வெளிவருகிறது. சிவப்பு ஒளி மற்றவற்றைவிட அதிகத் தொலைவு பரவுவதால் நிழலின் ஓரம் இலேசாகச் செம்மை படர்ந்து தெரிகிறது. ஹென்ரிக் வான் ஜென்சனும் அவருடன் பணியாற்றியவர்களும் 2001இல் இதற்கு எளிய கணக்கீட்டு முறையொன்றை வெளியிட்ட பின், சப்சர்ஃபேஸ் ஸ்கேட்டரிங் எனப்படும் இந்த உட்சிதறலைக் காட்டும் முறை பரவலாயிற்று. இன்று அந்த வசதி பெரும்பாலான மென்பொருள்களில் உண்டு, அளவைத்தான் தவறவிடுகிறார்கள். சென்டிமீட்டரில் செய்த தலையை மீட்டர் அலகுள்ள காட்சியில் அப்படியே போட்டால், சிதறல் தூரம் முகத்தோடு பொருந்தாமல் போய், தோல் மெழுகாகவோ சுண்ணாம்புச் சிலையாகவோ மாறிவிடும். தலைக்குப் பின்னால் ஒரு விளக்கை வைத்துக் காது மடலைப் பாருங்கள்: மெல்லிய ஓரம் மட்டும் சிவந்தால் அளவு சரி, மூக்கும் கன்னமும் சேர்ந்து ஒளிர்ந்தால் அளவு கூடிவிட்டது. நிழலோடு எடுத்த புகைப்படத்தையே டெக்ஸ்சராக, அதாவது உருவத்தின்மேல் போர்த்தும் படமாக, ஒட்டினால், எந்த விளக்கை வைத்தாலும் பழைய நிழல் முகத்தை விட்டுப் போகாது.

அசையாத படத்தில் தப்பித்த உருவம் அசையும்போது அகப்பட்டுக்கொள்கிறது. முகத்தை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பிளெண்ட் ஷேப் முறையில் ஒவ்வொரு புள்ளியும் நேர்கோட்டில் நகர்வதால், திறந்த இமைக்கும் மூடிய இமைக்கும் நடுவழியில் மேலிமை விழிக்கோளத்துக்குள் புதைந்துவிடும். இடைநிலை வடிவம் ஒன்றைச் சேர்த்தால் இமை வளைவாக இறங்கும். விழி கீழ்நோக்கும்போது மேலிமையும் உடன் இறங்க வேண்டும் என்பதையும், பார்வை ஒரு பொருளிலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லாமல் தாவித்தான் செல்லும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். சிரிப்பில் வாய் மட்டும் விரிந்து, கன்னம் உயராமலும் கண்ணோரம் சுருங்காமலும் இருந்தால் பார்ப்பவருக்குக் கலக்கமே மிஞ்சும். முன்கைக்கு வந்தால், மணிக்கட்டைத் திருப்பும்போது அந்த இடம் மட்டும் மிட்டாய்த்தாள் போல முறுகுவதைத் தவிர்க்க, முன்கையின் கட்டைவிரல் பக்கமுள்ள ஆர எலும்பு முழங்கைவரை உருள்வதைப் பின்பற்றித் திருகலை முன்கை நெடுக, உருவத்தை அசைக்க மென்பொருளில் வைக்கும் பல எலும்புகளுக்குப் பகிர்ந்தளிக்க வேண்டும்.

இவற்றில் எதைச் சரிசெய்வதாயினும் முதலில் டெக்ஸ்சர் அனைத்தையும் நீக்கி, சாம்பல் நிறத்தில், ஒரே விளக்கில் ரெண்டர் செய்து, அதாவது கணினியில் படமாக்கி, படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்ப்பது நல்லது. ஒரு பாதியைப் பிரதியெடுத்து மறுபாதியாக ஒட்டிய முகமும், காதின் அளவு தவறிய தலையும் அங்கேயே பிடிபட்டுவிடும்.