கன்னியாகுமரி முதல் தேங்காய்ப்பட்டணம் வரை: கரையோரமாக நான்கு நாள் நடக்க

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் காட்டுக்குப் போவதற்கான மூட்டையோடு வந்து இறங்குகிறார்கள். கூடாரம், அடுப்பு, ஐந்து லிட்டர் தண்ணீர், கத்தி. எங்கள் கரையில் ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு ஓர் ஊர் இருக்கிறது. சோறும் தண்ணீரும் கிடைக்காமல் யாரும் சாகப்போவதில்லை. இங்கே ஆபத்து கடல் தரும், ஆற்றுமுகம் தரும். தங்குமிடத்தை ஊர் தரும். இந்த மூன்றையும் அறிந்தவரைக் கூட்டிக்கொண்டு நடங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. நான் கடியபட்டணத்துக்காரன். கரமடி, அதாவது கரையில் நின்று கூட்டமாக இழுக்கும் பெரிய வலை, இழுத்துப் பழகியவன். குளிர்காலத்தில் சிறு குழுக்களை இந்தக் கரையோரம் அழைத்துப் போகிறேன்.

காலம் டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி முடிய. எங்கள் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. இடையில் கிடைப்பது இந்தக் கொஞ்ச நாள்தான். ஜூனில் தொடங்கும் தென்மேற்குக் காலத்தில் பல இடங்களில் கடல் கரையைத் தின்றுவிடும், நடக்க மணலே இராது. கிழக்கிலிருந்து மேற்காக நடங்கள். காலை வெயில் முதுகில் விழும். அது முகத்துக்கு வருவதற்குள் அன்றைய நடையை முடித்துவிடலாம். ஐந்தரைக்குப் புறப்பட்டுப் பதினொன்றுக்கு நிறுத்துவது என் கணக்கு. திங்கட்கிழமை தொடங்குவது நல்லது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆட்கள் கடலுக்குப் போவதில்லை. கரமடியும் இல்லை, மீனும் இல்லை, கரை முழுக்கப் பையன்களின் பந்தாட்டம்தான்.

மூட்டை ஏழெட்டு கிலோவைத் தாண்ட வேண்டாம். இரண்டு லிட்டர் தண்ணீர் போதும், வழியில் நிரப்பிக்கொள்ளலாம். ஆனால் கரையை ஒட்டிய கிணறுகள் பல உப்புக் கரிக்கும், எந்த வீட்டில் கேட்பது என்பதை வழிகாட்டி சொல்லட்டும். முழுக்கைப் பருத்திச் சட்டை, விளிம்புள்ள தொப்பி, ஒரு தோர்த்து (துவட்டும் துண்டு), போர்வை, டார்ச், ஆதார் அட்டை. கனத்த ஷூ வேண்டாம், மணல் புகுந்து காலைப் புண்ணாக்கிவிடும். பின்வார் உள்ள செருப்பு சரி. வெறுங்காலோடு ஈர மணலில் நடக்க எல்லோருக்கும் ஆசை வரும். மடி இழுத்த இடத்தில் கெளிற்று மீனின் முள் கிடக்கும், குத்தினால் அன்றைய நடை முடிந்தது. தின்பதற்கு நாகர்கோவிலில் முந்திரிக்கொத்து வாங்கிக்கொள்ளுங்கள். பாசிப்பயறும் கருப்பட்டியும் சேர்ந்த பண்டம், நான்கு நாளும் கெடாது. காசு கொடுத்து வாங்கும் சத்துக்கட்டி எதுவும் அதற்கு ஈடாகாது. மட்டிப்பழத்தை, எங்கள் பக்கத்துச் சின்ன வாழைப்பழத்தை, பையில் போடாதீர்கள், நசுங்கிவிடும். வழியில் வாங்கி அங்கேயே தின்னுங்கள்.

முதல் நாள் கன்னியாகுமரியிலிருந்து கோவளம், கீழமணக்குடி வழியாகச் சொத்தவிளை, சங்குத்துறைப் பக்கம் வரை. பழையாறு மணக்குடியில் கடலில் சேருகிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் அங்கிருந்த பாலம் பெயர்ந்து போனது. பின்னால் கட்டிய பாலத்தில்தான் இப்போது கடக்கிறோம். மழை குறைந்த மாதங்களில் ஆற்றுமுகத்தை மணல் அடைத்துத் திட்டாகிவிடும். நாங்கள் பொழி என்கிறோம். பார்த்தால் கெட்டியான தரைபோல இருக்கும். பாலம் வரை சுற்றுவானேன் என்று அதன்மேல் நடக்கத் தோன்றும். பின்னால் தேங்கிய நீர் உடைத்துக்கொண்டு வரும்போது காலடி மணல் கரைந்து ஓடும். இழுப்பு நேரே கடலுக்குள் கொண்டுபோகும். எந்தப் பொழியானாலும் பாலத்தில்தான் கடக்க வேண்டும். இதில் என்னோடு வருகிறவர்கள் வாதாடலாம், பலன் இராது.

இரண்டாம் நாள் ராஜாக்கமங்கலம் துறை, கணபதிபுரம் வழியாக முட்டம். நீளமான மணற்கரை, நல்ல நடை. இங்கேதான் கள்ளக்கடலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில், ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் அடித்த புயலின் அலை சில நாள் கழித்து இங்கே வந்து சேரும். இங்கே காற்றும் இராது, மேகமும் இராது. சும்மா இருந்த கடல் திடீரென்று கரையேறும். தென்மேற்குப் பருவமழைக்கு முந்திய ஏப்ரல், மே மாதங்களில் இது அதிகம். 2024 மே மாதம் கணபதிபுரம் பக்கத்துக் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை இப்படி அலை கொண்டுபோனது. ஐதராபாத்திலுள்ள கடல் தகவல் மையம், இன்காய்ஸ், முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது. புறப்படும் முன்னும் ஒவ்வொரு மாலையும் அதைப் பார்க்காத வழிகாட்டியை நம்பாதீர்கள். எச்சரிக்கை இருந்தால் அன்று சாலையில் நடை, அவ்வளவுதான். முட்டத்துப் பாறைகளில் படம் எடுக்க இறங்குகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். கலங்கரை விளக்கத்தருகே மேலே நின்று பார்த்தாலே போதும். கீழே பாசி படிந்த பாறையில் நிற்க எங்கள் ஊர்ப் பிள்ளைகளே யோசிப்பார்கள்.

ஊர்களுக்குள் நடக்கும் முறை ஒன்று உண்டு. உலர்த்திய வலையை மிதிக்காதீர்கள். கரமடி இழுக்கும்போது கயிற்றைத் தாண்டாமல், இழுக்கிறவர்களுக்குப் பின்னால் சுற்றிப் போங்கள். கூப்பிட்டால் கைகொடுங்கள், மடி கரையேறியதும் கொஞ்சம் மீன் உங்களுக்கும் வரும். பெண்கள் மீன் பிரிக்கும் இடத்தில் கேட்காமல் படம் எடுத்தால் வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள், நானும் தடுக்க மாட்டேன். இரவு தங்கக் கரையில் கூடாரம் போடுவதை நான் அனுமதிப்பதில்லை. அலையும் ஒரு காரணம்; கடலோரக் காவல் பிரிவினர் வந்து கேள்வி கேட்பார்கள்; ஜனவரி முதல் மார்ச் வரை ஆமைகள் முட்டையிடக் கரையேறும், வெளிச்சம் கண்டால் திரும்பிவிடும். வழிகாட்டி முன்கூட்டியே பங்குத்தந்தையிடமோ ஊர்க்கமிட்டியிடமோ பேசியிருந்தால் சமுதாயக் கூடத்தில் பாய் கிடைக்கும். ஏதாவது ஒரு வீட்டில் மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) மீன்குழம்பும் சொல்லி வைக்கலாம். அதற்குரிய பணத்தை அந்த வீட்டு அக்காளின் கையில் நேரடியாகக் கொடுங்கள்.

மூன்றாம் நாள் குறைந்த தூரம்: கடியபட்டணத்தில் வள்ளியாற்றைக் கடந்து, மணவாளக்குறிச்சி, மண்டைக்காடு வழியாகக் குளச்சல். மணவாளக்குறிச்சிப் பக்கம் கரை கறுத்திருக்கும். இல்மனைட், மோனசைட் கலந்த தாதுமணல். அணுசக்திச் சட்டத்தின் கீழ் வருவது, ஆகவே நினைவுக்கென்று ஒரு பிடிகூட அள்ளக் கூடாது. இயற்கையான கதிர்வீச்சு இங்கே கொஞ்சம் கூடுதல், சில மணி நேரம் நடப்பதால் ஒன்றும் ஆகாது. கறுப்பு மணல் பத்து மணிக்கெல்லாம் கொதிக்கும், அதுதான் உண்மையான தொல்லை. மண்டைக்காட்டில் பகவதி அம்மன் கோயிலின் மாசிக்கொடை விழா நாட்களில் கூட்டம் நெரியும், அப்போது இந்த வழியைத் தவிர்த்துவிடுங்கள். குளச்சலில் 1741ஆம் ஆண்டு டச்சுப் படையைத் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மர் வென்றதற்கான தூண் நிற்கிறது. மாலையில் போய்ப் பார்க்கலாம்.

நான்காம் நாள் அழகு குறைவு, உழைப்பு அதிகம். வாணியக்குடி, குறும்பனை, மிடாலம், இனயம் எனப் பல இடங்களில் கடலரிப்புக்குப் போட்ட கல்சுவர்தான் கரை. அந்தக் கற்களின் மேல் தாவாதீர்கள். சில கற்கள் ஆடும், இடுக்கில் கால் சிக்கும். ஊர்ச் சாலையிலேயே போங்கள்.

வழிகாட்டியை அமர்த்தும்போது எட்டுப் பேருக்கு மேல் சேர்ப்பாரா என்று கேளுங்கள். சேர்ப்பேன் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். சாப்பாடும் தங்குமிடமும் கூலியில் சேர்த்தியா என்பதை முதல் நாளே பேசி முடியுங்கள். அவசரத்துக்குக் கடலோரக் காவல் பிரிவு 1093, ஆம்புலன்ஸ் 108. தேங்காய்ப்பட்டணத்திலிருந்து மார்த்தாண்டத்துக்குப் பஸ் உண்டு, குழித்துறை ரயில் நிலையம் அங்கிருந்து பக்கம்தான். ஏறும் முன் கால் மணலைக் கழுவிவிடுங்கள், இல்லையென்றால் கண்டக்டர் இறக்கிவிடுவார்.