பணி ஆணையோடு பயிற்சி முடிந்துவிடுகிறதா?

மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை வாங்கித் தரும் அலுவலர்களுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கியபோது, முதல் நாள் முழுக்கச் சட்டம்தான் நடத்தினோம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைக் குறைபாடுகள், அரசுப் பணியில் 4 சதவீத ஒதுக்கீடு, தனியார் நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும் என்ற விதி. தெரிய வேண்டியதுதான். ஆனால் அதோடு நின்றது பெரிய தவறு.

எங்களிடம் பயின்ற ஒருவர் காது கேளாத பெண்ணை நேர்காணலுக்கு அழைத்துப்போனார். நானும் உடன் இருந்தேன். "டேலி தெரியுமா?" என்று கணக்கு மென்பொருளைப் பற்றிய கேள்வி, உடன் வந்த அலுவலரைப் பார்த்துத்தான் வந்தது. இவரும், "நல்லா தெரியும் சார், ரொம்ப அமைதியான பொண்ணு" என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் போட்ட கணக்குத் தாள்கள் மடியிலேயே இருந்தன. இப்போதெல்லாம் நேர்காணலை நடித்துப் பார்க்காமல் யாரையும் அனுப்புவதில்லை. சைகை மொழிபெயர்ப்பாளர் கேள்வி கேட்பவர் பக்கத்தில் உட்கார வேண்டும், அப்போதுதான் அந்தப் பெண்ணால் இருவரையும் ஒரே பார்வையில் பார்க்க முடியும் என்பதையும் அங்கேயே பழகிக்கொள்கிறார்கள்.

பார்வையற்றவர் என்றால் டெலிபோன், அறிவுசார் குறைபாடு என்றால் பேக்கிங் என்று பட்டியல் போட்டுக் கொடுப்பது இன்னொரு தவறு. அவருக்கு என்ன பிடிக்கும் என்று முதலில் கேளுங்கள்.

ஒருவேளை அவரே பேக்கிங்தான் வேண்டும் என்றால்? சரி, வேலையிடத்திலேயே பழக்கிவிடும் ஜாப் கோச் முதலில் ஒரு ஷிப்ட் அந்த வேலையைத் தானே செய்து பார்க்கட்டும். பெட்டியை மடிப்பது, அடியில் டேப் ஒட்டுவது, 12 பாட்டில் எண்ணி வைப்பது. எண்ணுவதில் தடுமாறுகிறாரா? 12 குழி உள்ள தட்டு ஒன்று போதும், குழி நிறைந்தால் எண்ணிக்கை சரி. இதை வகுப்பறையில் கற்றுக்கொள்ள முடியாது. வேலையில் சேர்த்துவிட்டு அங்கேயே பழக்கும் முறை அமெரிக்காவில் 1980களிலேயே பரவிவிட்டது. நாம் இன்னும் மாதக்கணக்கில் தயார்படுத்திக்கொண்டே இருக்கிறோம். அப்புறம், கோச் மெல்ல விலகவும் வேண்டும். சந்தேகம் வந்தால் பக்கத்தில் இருக்கும் சூப்பர்வைசரைத்தான் கேட்க வேண்டும், கோச்சுக்குப் போன் போடக் கூடாது.

பதிவேட்டில் பணியில் சேர்ந்த தேதியோடு நிறுத்தாதீர்கள். ஆறாவது மாதம் போய்க் கேளுங்கள்: பக்கத்து மேசைக்காரருக்குக் கிடைக்கும் அதே சம்பளம் இவருக்கும் வருகிறதா, பி.எஃப். பிடிக்கிறார்களா, கம்பெனி பஸ்ஸில் இவரால் ஏற முடிகிறதா?