கொடியை எப்போது அரைக்கம்பத்தில் இறக்கலாம், எப்போது கூடாது

எங்கள் குடியிருப்பில் பன்னிரண்டு வருடம் காவலாளியாக இருந்தவர் ஒருநாள் காலையில் இறந்துபோனார். 2022-இல் வீடுதோறும் கொடி என்று சொன்னபோது நாங்கள் நட்ட இருபது அடிக் கம்பத்தில் தினமும் கொடி ஏற்றி இறக்கியதும் அவர்தான். அன்று சாயங்காலம் நான் வேலையிலிருந்து திரும்பி வந்து பார்த்தால் கொடி பாதிக் கம்பத்தில் நிற்கிறது. யாரோ ஆசையாகச் செய்திருக்கிறார்கள், அழுதுகொண்டேகூடச் செய்திருக்கலாம். நான் அதை மறுபடி மேலே ஏற்றச் சொன்னேன், கல்நெஞ்சக்காரன் என்று பெயர் வாங்கிக்கொண்டேன். இன்றும் அதே நிலை வந்தால் அதையேதான் சொல்வேன்.

காரணம் சட்டம். தேசிய கௌரவத்துக்கு அவமதிப்பைத் தடுக்கும் 1971-ஆம் ஆண்டுச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. கொடியைக் கிழிப்பது, எரிப்பது, மிதிப்பது குற்றம் என்று அது சொல்வது எல்லோருக்கும் தெரியும். அரசு உத்தரவுப்படி பொதுக் கட்டடங்களில் கொடி அரைக்கம்பத்தில் பறக்கும் நாட்களைத் தவிர வேறு நாளில் அப்படிப் பறக்கவிடுவதையும் அது அவமதிப்புக் கணக்கில்தான் சேர்க்கிறது என்பது பலருக்குத் தெரியாது. பொது இடத்திலோ பிறர் கண்ணில் படும் இடத்திலோ செய்தால் மூன்று வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அன்பாகச் செய்ததற்கு யாரும் உள்ளே தூக்கிப் போடமாட்டார்கள் என்று நீங்கள் சொல்லலாம், சரி. ஆனால் நம் துக்கம் எவ்வளவு உண்மையாக இருந்தாலும், அதற்காக தேசியக் கொடியை இறக்கும் அதிகாரம் நமக்கு இல்லை, அது அரசாங்கத்திடம் மட்டும்தான் இருக்கிறது.

இந்தக் குழப்பம் நம் ஊரில் ஏன் வருகிறது என்று எனக்கு ஒரு யூகம் உண்டு. கட்சித் தலைவர் இறந்தால் கட்சிக் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிடச் சொல்லித் தலைமை அறிவிப்பதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்து வளர்ந்திருக்கிறோம். கட்சிக் கொடி கட்சியின் சொத்து, அதை எப்படி வேண்டுமானாலும் இறக்கட்டும். சங்கக் கொடி, கிளப் கொடியும் அப்படியே. தேசியக் கொடி விஷயத்தில் அந்தப் பழக்கம் செல்லாது.

சரி, எப்போது இறக்க வேண்டும்? 2002 ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்த இந்தியக் கொடி விதிகளில் பட்டியலே இருக்கிறது. பதவியில் இருக்கும் குடியரசுத் தலைவர், துணைக் குடியரசுத் தலைவர், பிரதமர் இவர்களில் யாராவது இறந்தால் நாடு முழுவதும். மக்களவைத் தலைவர், உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி என்றால் டெல்லியில் மட்டும். மத்திய கேபினட் அமைச்சருக்கு டெல்லியிலும் எல்லா மாநிலத் தலைநகரங்களிலும், மத்திய இணை அமைச்சருக்கு டெல்லியில் மட்டும். ஆளுநர் அல்லது முதலமைச்சர் என்றால் அந்த மாநிலம் முழுக்க, மாநில கேபினட் அமைச்சர் என்றால் அந்த மாநிலத் தலைநகரில் மட்டும். ஆகவே சென்னையில் கொடி இறங்கியிருப்பதை டிவியில் பார்த்துவிட்டு மதுரையில் ஒரு பள்ளிக்கூடம் தானும் இறக்கினால் அது தப்பாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இறந்த அன்று ஒருநாள்தான் கணக்கு. செய்தி மதியத்துக்கு மேல் வந்து சேர்ந்தால், மறுநாள் சூரிய உதயத்துக்குள் இறுதிச் சடங்கு முடிந்திருக்காத பட்சத்தில், மறுநாளும் அரைக்கம்பம். இறுதிச் சடங்கு நடக்கும் நாளில் அது நடக்கும் ஊரிலும் அரைக்கம்பம்.

ஆனால் நாம் நேரில் பார்த்த அரைக்கம்ப நாட்கள் பெரும்பாலும் இந்தப் பட்டியலால் வந்தவை அல்ல. அரசு தனியாக அறிவிக்கும் துக்க நாட்களால் வந்தவை. அப்துல் கலாம் 2015 ஜூலை 27-இல் இறந்தபோது அவர் முன்னாள் குடியரசுத் தலைவர், பட்டியலின்படி பார்த்தால் ஒன்றுமில்லை, ஏழு நாள் துக்கம் அறிவிக்கப்பட்டதால்தான் கொடிகள் இறங்கின. வாஜ்பாய்க்கு 2018 ஆகஸ்ட் 16 முதல் ஏழு நாள். கலைஞர் இறந்தபோது தமிழக அரசு ஏழு நாள் துக்கம் அறிவித்தது, மத்திய அரசு ஒருநாள். வெளிநாட்டுத் தலைவர்களுக்கு உள்துறை அமைச்சகம் தனியாக உத்தரவு போடும். எலிசபெத் ராணிக்கு 2022 செப்டம்பர் 11 அன்று ஒருநாள் என்று வந்தது அப்படித்தான்.

எனவே செய்ய வேண்டிய முதல் வேலை அந்த உத்தரவைத் தேடிப் படிப்பது. வாட்ஸ்அப்பில் வருவதை நம்பிக் கயிற்றில் கை வைக்காதீர்கள். உள்துறை அமைச்சகத்தின் அறிவிப்பில், அல்லது மாநில அரசின் செய்திக்குறிப்பில், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்தெந்த இடங்களில் என்று தெளிவாகப் போட்டிருக்கும். போப் பிரான்சிஸ் விஷயத்தில் 2025 ஏப்ரல் 22, 23 இரண்டு நாள், அப்புறம் இறுதிச் சடங்கு நடந்த 26-ஆம் தேதி ஒருநாள் என்று பிரித்து அறிவித்தார்கள். நடுவில் 24, 25 இரண்டு நாளும் கொடி முழு உயரத்தில் இருக்க வேண்டும். "எதுக்கு ஏத்தி எதுக்கு இறக்கணும், அப்படியே கிடக்கட்டும்" என்று எங்கள் குடியிருப்பிலேயே ஒருவர் சொன்னார், அந்த இரண்டு நாளும் அவரைக் கண்டு ஒதுங்கித்தான் போனேன்.

இன்னொரு சொற்றொடரையும் கவனியுங்கள். "வழக்கமாகக் கொடி பறக்கும் கட்டடங்களில்" என்றுதான் அந்த உத்தரவுகளில் வரும். உங்கள் கட்டடத்தில் தினமும் கொடி ஏற்றும் வழக்கம் இல்லையென்றால், துக்கத்துக்காகப் புதிதாக ஒரு கொடி வாங்கி வந்து பாதியில் கட்ட வேண்டிய அவசியமே இல்லை.

இனி விதிவிலக்கு. துக்க நாள் சுதந்திர தினத்திலோ, குடியரசு தினத்திலோ, காந்தி ஜயந்தியிலோ, ஜாலியன்வாலா பாக் நினைவாக ஏப்ரல் 6 முதல் 13 வரை வரும் தேசிய வாரத்திலோ, அந்த மாநிலம் உருவான நாளிலோ, தேசிய மகிழ்ச்சி நாள் என்று அரசு குறிப்பிடும் வேறு நாளிலோ விழுந்தால் கொடியை இறக்கக் கூடாது. உடல் வைக்கப்பட்டிருக்கும் கட்டடத்தில் மட்டும் இறக்கலாம், உடல் வெளியே போனதும் அங்கேயும் உச்சிக்கு ஏற்றிவிட வேண்டும். ஆங்கிலப் புத்தாண்டு இந்தப் பட்டியலில் கிடையாது. மன்மோகன் சிங்குக்கான ஏழு நாள் துக்கம் 2024 டிசம்பர் 26-இல் தொடங்கி 2025 ஜனவரி 1 வரை இருந்தது, புத்தாண்டு அன்று காலை கோலத்துக்குப் பக்கத்தில் கொடி அரைக்கம்பத்தில் நின்றதைப் பார்த்து இரண்டு பேர் புகார் சொன்னார்கள். ஜனவரி 30 பற்றியும் கேட்பார்கள்: அன்று காலை 11 மணிக்கு இரண்டு நிமிட மௌனம் உண்டு, ஆனால் கொடி விதிகளின் அரைக்கம்பப் பட்டியலில் அந்த நாள் இல்லை.

அடுத்து கயிறு பிடிக்கும் வேலை. இதில்தான் நிறைய பேர் தப்பு செய்கிறார்கள். கொடியைக் கட்டி நேராகப் பாதி உயரத்துக்கு ஏற்றி முடிச்சுப் போட்டுவிட்டுப் போகக் கூடாது. முதலில் விறுவிறுவென்று உச்சி வரை ஏற்ற வேண்டும், அங்கே ஒரு கணம் நிறுத்த வேண்டும், அப்புறம் மெதுவாகப் பாதிக்கு இறக்கிக் கட்ட வேண்டும். மாலையில் கழற்றும்போதும் அதேதான், பாதியிலிருந்து நேரே கீழே இழுக்காமல் மறுபடி உச்சிக்கு ஏற்றிவிட்டு அதன் பிறகே இறக்க வேண்டும். 2022 ஜூலை முதல் பொதுமக்கள் இரவிலும் கொடியைப் பறக்கவிடலாம் என்பதால் சிலர் இறக்குவதே இல்லை, அவர்கள் துக்கக் காலம் முடிந்ததும் மறக்காமல் உச்சிக்கு ஏற்றிவிட வேண்டும். சுதந்திர தினத்தில் செய்வதுபோல் பூவை உள்ளே வைத்து மடித்துக் கட்டி, உச்சியில் அவிழ்த்துத் தூவும் வேலை இங்கே வேண்டாம்.

பாதி என்றால் எது பாதி? கம்பத்தைத் தாங்கிப் பிடிக்க இழுவைக் கம்பி கட்டியிருந்தால், உச்சிக்கும் அந்தக் கம்பி கட்டிய இடத்துக்கும் நடுவில். அப்படி இல்லாத சாதாரணக் கம்பம் என்றால் கம்பத்தின் பாதி உயரம். எங்களுடையது இருபது அடி, பத்தாவது அடியில் சிவப்பு டேப் ஒட்டி வைத்திருக்கிறோம். குட்டிக் கம்பமாக இருந்தால் பாதியில் இறக்கும்போது கொடி செடியிலோ தரையிலோ படுகிறதா பாருங்கள், தரையில் படக் கூடாது என்பது தனி விதி. கப்பி துருப்பிடித்து மாட்டிக்கொள்ளும் கம்பமாக இருந்தால் ஒரு சொட்டு எண்ணெய் முன்கூட்டியே விட்டு வையுங்கள், நடுவழியில் சிக்கி நிற்கும் கொடியைக் கழியால் குத்தி இறக்கும் காட்சியை நான் பார்த்திருக்கிறேன்.

பால்கனியில் குச்சியோடு சேர்த்துக் கட்டிய கொடி என்ன செய்வது? அதை இறக்க வழியில்லை. கறுப்பு நாடா கட்டலாமே என்று தோன்றும், ஆனால் கறுப்பு நாடா என்பது அணிவகுப்பிலோ ஊர்வலத்திலோ ஏந்திப் போகும் கொடிக்கு, அதுவும் அரசு உத்தரவு இருந்தால் மட்டும். துக்க நாள் முடியும்வரை எடுத்து மடித்து வைத்துவிடுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

உடல் மேல் கொடி போர்த்துவதும் இதே மாதிரி ஒரு விஷயம்தான். அரசு மரியாதையுடன் நடக்கும் இறுதிச் சடங்கிலும், ராணுவம் மற்றும் துணை ராணுவப் படையினரின் இறுதிச் சடங்கிலும் மட்டுமே அது உண்டு. காவி நிறம் தலைப்பக்கம் வர வேண்டும், குழியில் இறக்கும் முன்போ சிதைக்குத் தீ வைக்கும் முன்போ கொடியை எடுத்துவிட வேண்டும். நம் வீட்டுத் தாத்தா எவ்வளவு பெரிய தேசபக்தராக இருந்தாலும் நாமாகப் போர்த்தக் கூடாது.

அந்தக் காவலாளிக்கு என்ன செய்தோம் என்றால், கேட்டில் கறுப்புத் துணி கட்டினோம், அவர் உட்காரும் நாற்காலியில் படம் வைத்து மாலை போட்டோம், மறுநாள் லிஃப்ட் பக்கம் இரங்கல் அட்டை ஒட்டினோம். கொடி முழு உயரத்தில்தான் இருந்தது. அன்று இரவு அதை இறக்க யாருக்கும் அந்த முடிச்சை அவிழ்க்கத் தெரியவில்லை, கடைசியில் அவர் மகன் வந்து அவிழ்த்துக் கொடுத்தான்.