குரங்கு ஆய்வில் முதுநிலைப் படிப்பு: எங்கே சேர்வது, எப்படித் தயாராவது

குரங்கு, மந்தி, தேவாங்கு, மனிதக்குரங்கு எல்லாம் அடங்கியது முதனி வரிசை. இவற்றைப் படிக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் ‘பிரைமேட்டாலஜி’ என்று பெயர் போட்ட எம்.எஸ்சி.யைத் தேடுகிறார்கள். இந்தியாவில் அப்படித் தேடினால் சோர்வுதான் மிஞ்சும். இங்கே குரங்குகளை ஆராய்ந்து பேர் எடுத்தவர்கள் வனவிலங்கு உயிரியல், விலங்கியல், சூழலியல், உளவியல் என்று வேறு வேறு துறைப் பட்டங்களோடு வந்தவர்கள். பட்டத்தின் பெயரைத் தள்ளி வையுங்கள். ஆய்வேட்டுக்கு எத்தனை மாதம் களத்துக்கு விடுவார்கள், வழிகாட்டி யார், அவருக்கு எந்தக் காட்டில் ஏற்கெனவே வேலை நடக்கிறது என்று விசாரியுங்கள்.

இந்தியாவில் பலரும் குறிவைக்கும் படிப்புகள் இரண்டு. டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் எம்.எஸ்சி. வனவிலங்கு அறிவியல் ஒன்று. பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் எம்.எஸ்சி. வனவிலங்கு உயிரியல் மற்றும் பாதுகாப்பு இன்னொன்று. இரண்டிலும் இடங்கள் மிகக் குறைவு, எழுத்துத் தேர்வும் நேர்காணலும் உண்டு. பெங்களூரில் இரண்டாண்டுக்கு ஒருமுறை ஆள் எடுப்பதே வழக்கம். இளநிலை முடிக்கும் ஆண்டும் அந்தச் சுற்றும் ஒத்துவராவிட்டால் நடுவில் ஓராண்டு வீணாகும். அந்த ஓராண்டைக் களப்பணிக்கு ஒதுக்கிவிட்டால் அதுவே நேர்காணலில் பலமாகிவிடும். தமிழ்நாட்டுக்குள்ளேயே படிக்க வேண்டுமென்றால் மயிலாடுதுறை மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலும் எம்.எஸ்சி. வனவிலங்கு உயிரியல் இருக்கிறது. ஊட்டியில் படிப்பவருக்குக் கருமந்தி பேருந்தில் போய்ப் பார்த்துவரும் தூரத்தில் இருக்கிறது. இந்த வசதியை லேசாக எண்ண வேண்டாம்.

எம்.எஸ்சி. முடித்தபின் முனைவர் பட்டத்துக்குக் கோவை ஆனைகட்டியில் உள்ள சாலிம் அலி பறவையியல், இயற்கை வரலாற்று மையம் (இப்போது இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது), பெங்களூரின் தேசிய உயர்கல்வி ஆய்வு நிறுவனம், இந்திய அறிவியல் கழகத்தின் சூழலியல் மையம், மைசூர்ப் பல்கலைக்கழகம் ஆகியவற்றைப் பாருங்கள். சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, அதன்பின் அடுத்த படியான எஸ்.ஆர்.எஃப்.-இல் (முதுநிலை ஆய்வு உதவித்தொகை) 42,000. சொந்த உதவித்தொகையோடு வரும் மாணவரை ஏற்க வழிகாட்டிக்குத் தயக்கம் குறைவு. ஆகவே எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டிலேயே நெட் எழுதத் தொடங்குங்கள்.

எந்தக் குரங்கை எடுப்பது என்பதில் பலர் சறுக்குகிறார்கள். ஆனைமலையின் சிங்கவால் குரங்கின் மீதுதான் எல்லோருக்கும் கண். வால்பாறை புதுத்தோட்டம் எஸ்டேட் பக்கம் இருக்கும் குழுக்கள் மனிதர்களுக்குப் பழகியவை, அருகில் நின்று குறிப்பெடுக்கலாம். உள்காட்டுக் குழுவோ ஆளைக் கண்டதும் உச்சிமரத்தில் மறைந்துவிடும். புதுக் குழுவைப் பழக்கவே மாதக்கணக்கில் ஆகும், நான்கைந்து மாத ஆய்வேட்டில் அது நடக்காது. பழகிய குழு கிடைக்காதபோது நடத்தை ஆய்வை விட்டுவிட்டு, குழுக்களின் எண்ணிக்கை, வாழிடத் தரம், சாலையைக் கடக்கும் இடங்கள் போன்ற கேள்விக்கு மாறுங்கள்.

முதல் ஆய்வேட்டுக்கு நாட்டுக் குரங்கை எடுப்பதே நல்லது என்பது எங்கள் உறுதியான கருத்து. கோயில் வாசலில், மலைப்பாதை வளைவில் எங்கும் பார்ப்பதாலேயே அதற்கு மதிப்பில்லாமல் போய்விட்டது. இந்தியத் தீபகற்பத்தைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத இனம் அது. வடக்கிலிருந்து ரீசஸ் குரங்கு பரவப் பரவ, அதன் எல்லை சுருங்கி வருகிறது. களமோ வீட்டிலிருந்து அரைமணி நேரத் தூரத்தில் கிடைக்கும். தேவாங்கை எடுப்பவர்களுக்குக் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 2022-இல் அறிவிக்கப்பட்ட கடவூர் தேவாங்கு சரணாலயம் இருக்கிறது. ஆனால் வேலை முழுவதும் இரவில். தலைவிளக்கில் சிவப்பு வடிகட்டி போட வேண்டும், கூடவே ஊர்க்காரர் ஒருவராவது வர வேண்டும்.

வழிகாட்டிக்கு எழுதும் மின்னஞ்சல் 250 சொல்லைத் தாண்டக் கூடாது. “சிறுவயதிலிருந்தே விலங்குகள் என்றால் எனக்கு உயிர்” என்று தொடங்கும் கடிதம் அவருக்கு வாரம் பத்து வரும். அதற்குப் பதிலாக இப்படி எழுதலாம்: “சாலையோரக் குழு குப்பையில் தின்னச் செலவிடும் நேரம் தோட்டத்துக்குள் இருக்கும் குழுவோடு ஒப்பிட்டால் எவ்வளவு மாறுகிறது என்று பார்க்க விரும்புகிறேன். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை களத்தில் இருக்க முடியும். ஆர் மென்பொருளில் அடிப்படைப் புள்ளியியல் தெரியும்.” அவர் குழு வெளியிட்ட கட்டுரை ஒன்றையாவது படித்து, அதில் எந்த இடத்திலிருந்து உங்கள் கேள்வி கிளம்புகிறது என்று ஒரு வரி சேருங்கள். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டலாம், அதற்குமேல் வேண்டாம்.

களப்பதிவுக்கு இரண்டு முறைகளாவது கைவர வேண்டும், ஸ்கேன் சாம்ப்ளிங், ஃபோக்கல் சாம்ப்ளிங். 15 நிமிடத்துக்கு ஒருமுறை குழுவில் கண்ணில் படும் ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று குறிப்பது ஸ்கேன். ஒரே விலங்கைக் குறிப்பிட்ட நேரம் விடாமல் தொடர்வது ஃபோக்கல். தாளில் ஒரு வரி இப்படி இருக்கும்: ‘07:15, வளர்ந்த பெண், தின்றல், வெடிப்பலா, பூ, உயரம் 18 மீ.’ ‘பூ’ என்ற சொல்லை விட்டுவிட்டால் பிறகு அது பூவா காயா என்று யாராலும் சொல்ல முடியாது. காலை 6 முதல் மாலை 6 வரை நின்றால் ஒரு நாளைக்கு 48 ஸ்கேன், 40 நாளில் 1,920. இந்த எண்ணைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். பார்த்தது இரண்டே குழு என்றால், குழுக்களை ஒப்பிடும் கேள்விக்கு மாதிரி அளவு இரண்டுதான், 1,920 அல்ல. ஆய்வேட்டுத் தேர்வாளர்கள் முதலில் கைவைப்பது இங்கேதான். எத்தனை குழு, எத்தனை விலங்கு என்பதைக் களத்துக்குப் போகும் முன்பே புள்ளியியல் தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். உதவியாளரும் குறிப்பெடுக்கப் போகிறார் என்றால் முதல் வாரம் இருவரும் ஒரே விலங்கைத் தனித்தனியாகப் பதிவு செய்து ஒப்பிட்டுப் பாருங்கள். ‘நடத்தல்’ எது ‘தேடித் தின்றல்’ எது என்பதில் பெரிய வித்தியாசம் வரும்.

அனுமதி விஷயத்தில் அவசரம் எடுபடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்துக்குள்ளும் தேசியப் பூங்காவுக்குள்ளும் ஆய்வு செய்யத் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் அனுமதி வாங்க வேண்டும். ஆறு மாதம் முன்பே விண்ணப்பம் போய்விட வேண்டும். கேள்வி, முறை, சரகத்தின் பெயர், தேதிகள், கூட வருபவர்கள், கல்லூரிக் கடிதம் எல்லாம் அதில் இருக்கட்டும். ‘மாதிரி சேகரிப்பு’ என்று பொதுவாக எழுதினால் கேள்வி மேல் கேள்வி வரும். தரையில் விழுந்த எச்சம் மட்டுமே, விலங்கைத் தொடுவதில்லை என்றால் அதைப் பளிச்சென்று எழுதுங்கள். அனுமதி தாமதமானால் என்ன செய்வது என்பதற்கு மாற்றுத் திட்டம் இருக்கட்டும். காப்புக்காட்டுக்கு வெளியே உள்ள ஊர்க் குரங்குகளை வைத்து அதே கேள்வியைக் கேட்க முடியுமா என்று முன்கூட்டியே யோசித்து வைப்பது நல்லது.

வெளிநாட்டில் முதனிகளுக்கென்றே படிப்புகள் உண்டு. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்ட் புரூக்ஸ் பல்கலைக்கழகம் 2000-இல் முதனிப் பாதுகாப்பு எம்.எஸ்சி.யைத் தொடங்கியது. இத்தகைய ஓராண்டுப் படிப்புகளில் ஆய்வேடு கோடையில் வரும். அந்த நேரம் மேற்குத் தொடர்ச்சி மலையில் தென்மேற்குப் பருவமழை கொட்டும், வால்பாறையில் பல நாள் தொலைநோக்கியே திறக்க முடியாது. ஊருக்கு வந்து களப்பணி செய்யலாம் என்று திட்டமிடுபவர்கள் மழைமறைவுப் பகுதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பணத்துக்குப் பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகை உண்டு. ஆனால் அதற்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் கேட்பார்கள், படித்து முடித்து இரண்டாண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும். ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் ஜெர்மன் முதனி மையம் இருக்கிறது. இந்திய மாணவர்கள் அங்கே விண்ணப்பிக்கும் முன் ஏ.பி.எஸ். சான்றிதழ் (படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தருவது) வாங்க வேண்டும், அதை முதல் வேலையாகத் தொடங்குங்கள். ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்துக்கு அந்நாட்டு அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகை வழி போகலாம். தூதரக வழியில் போகிறவர் அங்குள்ள பேராசிரியரிடம் முன்னேற்புக் கடிதமும் வாங்க வேண்டியிருக்கும்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்துகொண்டு இந்தியக் குரங்கின் முடியையோ ரத்தத்தையோ ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போகலாம் என்று நினைத்தால் அங்கே ஒரு பெரிய சுவர் இருக்கிறது. முதனிகள் அனைத்தும் சைட்டிஸ் (அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை) பட்டியலில் உள்ளவை, சிங்கவால் குரங்கு கட்டுப்பாடு மிகக் கடுமையான முதல் இணைப்பிலேயே இருக்கிறது. சைட்டிஸ் அனுமதி இல்லாமல் மாதிரி எல்லையைத் தாண்டாது. 2002 பல்லுயிர்ச் சட்டத்தின் கீழ் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதலும் தேவைப்படும். ஓராண்டுப் படிப்புக்குள் இதையெல்லாம் முடிப்பது கடினம். பரிசோதனையை இந்திய ஆய்வகத்திலேயே செய்துவிட்டுத் தரவை மட்டும் எடுத்துச் செல்வதே விவேகம்.

களத்துக்குக் கிளம்பும் முன் வெறிநாய்க்கடி முன்தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். அதைப் பல நாள் இடைவெளி விட்டுப் போட வேண்டும், ஆகவே ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முன்பே ஊசி போட்டிருந்தாலும் போக வேண்டும். காட்டில் செத்துக் கிடக்கும் குரங்கின் அருகே போகவே வேண்டாம். 1957-இல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் கண்டறியப்பட்ட குரங்குக் காய்ச்சல் உண்ணிகள் மூலம் மனிதருக்கு வருகிறது, செத்த குரங்கைச் சுற்றித்தான் உண்ணிகள் நிறைந்திருக்கும். இடத்தை ஜி.பி.எஸ்.-இல் குறித்துக்கொண்டு வனச்சரகருக்குத் தகவல் சொல்லிவிட்டு, அன்று மாலை காதோரம், அக்குள், இடுப்பு வரை உண்ணி இருக்கிறதா என்று பார்த்து உடையை வெந்நீரில் போடுங்கள்.