பழைய பிளேயரில் பாடுகிற ஆடியோ சிடியை வீட்டிலேயே எழுதுவது எப்படி

அப்பாவின் காரில் இருப்பது எம்பி3 படிக்காத பழைய சிடி பிளேயர். முதல் தடவை நூற்றைம்பது பாட்டை ஒரே சிடியில் போட்டுக் கொடுத்தேன். உள்ளே இழுத்துக்கொண்டது, கொஞ்ச நேரம் சுற்றியது, திரையில் 'எர்ரர்' காட்டிவிட்டு வெளியே தள்ளிவிட்டது. பிளேயரில் ஒரு குறையும் இல்லை, நான் எழுதியதுதான் டேட்டா சிடி. இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

டேட்டா சிடியில் ஃபைல்கள் அப்படியே போய் உட்காரும். ஆடியோ சிடியில் ஃபைல் என்ற பேச்சே கிடையாது. 1980இல் பிலிப்ஸும் சோனியும் வகுத்த முறைப்படி நொடிக்கு 44,100 மாதிரிகள், 16 பிட், ஸ்டீரியோ என்று ஒலி மட்டுமே ஓடும். அதனால் எம்பி கணக்கை மறந்துவிட்டு நிமிடக் கணக்குப் போடுங்கள்: 700 எம்பி சிடி என்றால் 80 நிமிடம், அவ்வளவுதான். கேசட் கடையில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்து, 60க்கு எத்தனை வரும் 90க்கு எத்தனை வரும் என்று கேட்டவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. நாலரை நிமிடப் பாட்டு என்றால் பதினேழு கொள்ளும்.

வாங்கும்போது சிடி-ஆர் கேட்டு வாங்குங்கள். அழித்து எழுதும் சிடி-ஆர்டபிள்யூ வெளிச்சத்தைக் குறைவாகத் திருப்பி அனுப்பும் என்பதால் பழைய பிளேயர்கள் பல அதைப் படிக்காது. டிவிடி வேண்டவே வேண்டாம். லேப்டாப்பில் டிரைவ் இல்லாவிட்டால் யூஎஸ்பியில் செருகும் டிவிடி ரைட்டர் போதும், ஆனால் ஹப் வழியாக இல்லாமல் நேராக லேப்டாப்பிலேயே செருகுங்கள், மின்சாரம் போதாமல் பாதியில் நின்றால் அந்த சிடி வீண்தான்.

அப்புறம் பாட்டின் தரம். 128 கேபிபிஎஸ் எம்பி3யை சிடியில் எழுதினால் அது சிடி தரத்துக்கு ஏறிவிடாது, தொலைந்த ஒலி தொலைந்ததுதான். நல்ல ஸ்பீக்கரில் ஜால்ரா ஒலியைக் கேட்டாலே தெரிந்துவிடும், கணீரென்று விழாமல் தகரத்தை உரசுவதுபோல் இருக்கும். ஒலியை இழக்காமல் வைத்திருக்கும் ஃப்ளாக், வேவ் ஃபைல்கள் இருந்தால் அதையே எடுங்கள், இல்லையென்றால் 320 கேபிபிஎஸ் எம்பி3. பாட்டியின் தாலாட்டை ஃபோனில் பதிவு செய்து வைத்திருந்தால், முதலில் அதை ஆடாசிட்டி போன்ற ஒலித் திருத்த மென்பொருளில் திறந்து 44,100, 16 பிட், ஸ்டீரியோ வேவ் ஆக மாற்றிக்கொள்ளுங்கள்.

விண்டோஸில் பழைய விண்டோஸ் மீடியா பிளேயரே போதும். 'பர்ன்' பகுதிக்குப் போய், அங்குள்ள மெனுவில் 'டேட்டா சிடி' என்று இருந்தால் 'ஆடியோ சிடி' என்று மாற்றிவிட்டு, பாட்டுகளை இழுத்துப் போட்டு, கேட்க வேண்டிய வரிசையில் அடுக்குங்கள். 80 நிமிடத்தைத் தாண்டினால் மிச்சத்தை அடுத்த சிடிக்குத் தள்ளிக் காட்டும். மேக்கில் மியூசிக் செயலியில் பிளேலிஸ்ட் செய்துவிட்டு ஃபைல் மெனுவிலிருந்து எழுதலாம், லினக்ஸ் என்றால் கே3பி என்ற மென்பொருள்.

கச்சேரிப் பதிவு எழுதுகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். வழக்கமாகப் பாட்டுக்குப் பாட்டு இரண்டு நொடி மௌனம் விழும். சினிமாப் பாட்டுக்கு அது சரி. ஆனால் ஆலாபனையை ஒரு டிராக்காகவும் கிருதியை அடுத்ததாகவும் பிரித்து வைத்திருக்கிறீர்கள், பாடகர் ராகத்தை முடித்துப் பல்லவியை எடுக்கும் அந்த இடத்தில், தம்புரா உட்பட எல்லாம் சட்டென்று அறுந்து, இரண்டு நொடி கழித்துத் திரும்ப வந்தால் எப்படி இருக்கும்? விண்டோஸ் மீடியா பிளேயரின் ஆப்ஷன்ஸில் 'பர்ன் சிடி வித்அவுட் கேப்ஸ்' என்பதை டிக் செய்யுங்கள். வேறு மென்பொருளில் 'டிஸ்க் அட் ஒன்ஸ்' என்று இருக்கும், இடைவெளியை அங்கே பூஜ்யமாக்குங்கள். விண்டோஸ் மீடியா பிளேயரின் அதே ஆப்ஷன்ஸில் உள்ள, பாட்டுகளின் ஒலி அளவைச் சமமாக்கும் 'வால்யூம் லெவலிங்' பழைய பாட்டையும் புதுப் பாட்டையும் கலந்து எழுதும்போது உதவும். கச்சேரிக்கு அதை அணைத்துவிடுங்கள், மெதுவாகப் பாடிய இடம் மெதுவாகவே கேட்கட்டும்.

வேகம் 52 எக்ஸ் என்று உறையில் போட்டிருந்தாலும் 16 எக்ஸில் எழுதுங்கள். ஐந்தாறு நிமிடம்தான் ஆகும், பழைய பிளேயர்களில் பாட்டு குதிப்பதும் குறைவதைப் பார்த்திருக்கிறேன். 'ஃபைனலைஸ்' என்று கேட்டால் ஆம் என்று சொல்லுங்கள், மூடாத சிடியைச் சாதாரண பிளேயர் படிக்காது. எழுதி முடிந்ததும் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்பதோடு நிறுத்தாமல், எந்தப் பிளேயருக்காக எழுதினீர்களோ அதிலேயே முதல் பாட்டையும் கடைசிப் பாட்டையும் கேட்டுவிடுங்கள். கோளாறு பெரும்பாலும் கடைசிப் பாட்டில்தான் தெரியும்.

மேல் பக்கத்தில் பெயர் எழுத மென்மையான முனையுள்ள சிடி மார்க்கர்தான், பால்பாயிண்ட் பேனா கூடாது. பாட்டு பதிந்த அடுக்கு அந்த மேல் பூச்சுக்கு அடியிலேயே இருக்கிறது, அங்கே விழும் கீறல் கீழ்ப்பக்கக் கீறலைவிட மோசம். ஸ்டிக்கரும் ஒட்டாதீர்கள். வெயிலில் காரை நிறுத்தினால் சிடியை டாஷ்போர்டின் மேல் விட்டுவிடாமல் உறையில் போட்டு உள்ளே வையுங்கள்.