கயித்தைப் பிடியுங்கோ: பந்தில் நாட்டமில்லாதவருக்கு மைதானக் கோடு போடும் முறை

உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி தொடங்கிவிட்டால் ஊரில் பந்தைத் தவிர வேறு பேச்சில்லை. தேத்தண்ணிக் கடையிலும் சங்கக்கடை வாசலிலும் அதே கதைதான். இதில் ஒட்டாமல் ஒதுங்கி நிற்பவரைத்தான் கழகத்துப் பெடியள் முதலில் பிடிப்பார்கள். "அண்ணை, சும்மாதானே நிக்கிறியள், இந்தக் கயித்தை ஒருக்காப் பிடியுங்கோ." பிடித்தால் மாட்டினீர்கள், அன்றிலிருந்து மைதானம் உங்கள் பொறுப்பு. பரவாயில்லை, இந்த வேலைக்குப் பந்துப் பைத்தியங்கள் சரிவரமாட்டார்கள். பாதிக் கோட்டில் கயிற்றைப் போட்டுவிட்டுப் பந்தடிக்கப் போய்விடுவார்கள்.

வன்னியில் இதற்கு ஏற்ற காலம் ஐப்பசி மழைக்கு முந்திய வெயில் மாதங்கள்தான். ஆனால் அப்போது கச்சான் காற்று தூளை அள்ளிக்கொண்டு போகும். ஆகவே அளப்பதை முதல்நாள் பின்னேரமும், தூள் போடுவதைக் காலையில் பனி ஈரம் காயுமுன்னும் வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வெட்டித் துப்புரவாக்கும் காணி என்றால், கண்ணிவெடி அகற்றி ஒப்படைத்த இடமா என்று கேட்டு உறுதிசெய்யாமல் ஒரு முளையும் அடிக்காதீர்கள். சந்தேகமான இரும்பு தெரிந்தால் தொடாமல், வந்த தடத்தாலேயே திரும்பிப்போய் 119 க்குச் சொல்லுங்கள்.

அளவும் மூலைமட்டமும்

கோல் இரண்டும் வடக்கிலும் தெற்கிலும் வரட்டும். ஆட்டம் பின்னேரம்தான் நடக்கும். மைதானம் கிழக்கு மேற்காகக் கிடந்தால் கிழக்குக் கோல்காப்பாளர் சூரியனைப் பார்த்துக்கொண்டுதான் பந்து பிடிக்க வேண்டும்.

விதிப்படி நீளம் 90 முதல் 120 மீற்றர், அகலம் 45 முதல் 90 மீற்றர். ஊர் மைதானத்துக்கு 100 க்கு 60 நல்ல கணக்கு. நைலோன் கயிற்றை அளக்கப் பாவிக்காதீர்கள். இழுக்கிறவருடைய பலத்துக்கேற்ப அது நீளும். அளக்க 50 மீற்றர் நாடாவும், நேர்பிடிக்கக் கட்டுக்கம்பியும் எடுங்கள். ஒரு கோட்டில் பல அளவு குறிப்பதென்றால் எல்லாவற்றையும் ஒரே பூச்சியத்திலிருந்து அளவுங்கள். துண்டு துண்டாக அளந்தால் பிழையும் சேர்ந்துகொண்டே வரும்.

முதலில் ஒரு பக்கக்கோடு, 100 மீற்றர். அதன் மூலையிலிருந்து பக்கக்கோட்டில் 9 மீற்றரில் ஒரு முளை. கோல்கோடு போகவேண்டிய பக்கம் 12 மீற்றரில் இன்னொரு முளை. இரண்டுக்கும் குறுக்கே சரியாக 15 மீற்றர் வரும்வரை இரண்டாவது முளையை நகர்த்துங்கள். 3, 4, 5 என்று சின்னதாக வைத்தும் செய்யலாம்தான். ஆனால் 4 மீற்றரில் 1 சென்ரிமீற்றர் பிசகினால் 60 மீற்றரில் அது 15 சென்ரிமீற்றராகிவிடும்.

நாலு மூலையும் வந்தபின் ஒரு கம்பியை மூலைவிட்டத்துக்கு இழுத்து முடிச்சுப் போடுங்கள். அதே கம்பியை மற்ற மூலைவிட்டத்தில் வைத்துப் பாருங்கள். 100 க்கு 60 இல் இரண்டும் 116.62 மீற்றர் வரவேண்டும். இலக்கத்தைவிட இரண்டும் ஒத்துவருவதுதான் முக்கியம். பக்கங்கள் நாலும் சரியாக இருந்தும் மூலைவிட்டம் பொருந்தாவிட்டால் மைதானம் சரிந்து கிடக்கிறது என்று அர்த்தம். அப்போது தூரக் கோல்கோட்டின் இரண்டு முளைகளையும் ஒரே பக்கமாக, ஒரே அளவு நகர்த்துங்கள்.

கோலுக்கு முன்னால் வரும் பெரிய, சின்னப் பெட்டிகளில்தான் ஆட்கள் அதிகம் பிழைவிடுகிறார்கள். பெரிய பெட்டியின் 16.5 மீற்றரைக் கோலின் நடுவிலிருந்து அளந்துவிடுவார்கள். அது கம்பத்தின் உள்விளிம்பிலிருந்து அளக்கவேண்டியது. குழப்பம் வராமல் நடுவிலிருந்தே குறிக்க விரும்பினால் இரண்டு பக்கமும் 20.16 மீற்றர் வையுங்கள், பெட்டியின் அகலம் 40.32 ஆக வரும். சின்னப் பெட்டிக்கு 5.5 மீற்றர், அதாவது நடுவிலிருந்து 9.16. பெனால்ட்டிப் புள்ளி கோலின் நடுவிலிருந்து நேரே உள்ளே 11 மீற்றர். நடுவட்டத்தின் ஆரை 9.15. பெட்டிக்கு வெளியே வரும் வில்லுக்கும் அதே 9.15 கம்பிதான், பெனால்ட்டிப் புள்ளியில் ஊன்றிச் சுழற்றுங்கள். வில் பெட்டிக்கோட்டைத் தொடும் இடம் நடுவிலிருந்து இரு பக்கமும் 7.31 மீற்றரில் வந்தால் எல்லாம் சரி. வராவிட்டால் அனேகமாகப் புள்ளிதான் பிசகியிருக்கும். பழைய ஆட்கள் 18 யார், 12 யார், 6 யார் என்று சொல்வதும் இதே அளவுகளைத்தான். ஆனால் ஒரு மைதானத்தில் அடி நாடாவையும் மீற்றர் நாடாவையும் கலக்கவேண்டாம்.

கோடுகளும் அவை சூழும் பரப்பைச் சேர்ந்தவைதான். ஆகவே அளவெல்லாம் கோட்டின் வெளி ஓரத்துக்கு. கம்பியை அந்த ஓரத்தில் கட்டி, தூளை உள்பக்கமாகப் போடுங்கள். கோட்டின் அகலம் 12 சென்ரிமீற்றரைத் தாண்டக்கூடாது.

தூள்

100 க்கு 60 மைதானத்தில் பெட்டிகள், வட்டம், வில்லெல்லாம் சேர்த்து ஏறக்குறைய 680 மீற்றர் கோடு வரும். எவ்வளவு தூள் வேண்டும் என்று கடைக்காரரிடம் கேட்டுப் பிரயோசனமில்லை. 10 மீற்றர் போட்டு, செலவானதை நிறுத்து, 68 ஆல் பெருக்குங்கள். இடைவேளையில் திருத்துவதற்குக் கொஞ்சம் கூடுதலாக வாங்குங்கள்.

நீற்றுச் சுண்ணாம்பு மலிவுதான், ஆனால் வேர்த்த தோலைச் சுடும், கண்ணுக்குள் போனால் ஆபத்து. விழுந்தெழும்பி விளையாடுகிற இடத்தில் அது வேண்டாம். பயிருக்குப் போடும் டொலமைற்றுத் தூள் நல்லது, செம்மண்ணில் எடுப்பாகவும் தெரியும். முல்லைத்தீவுக் கரைப்பக்கத்து வெள்ளை மணலில் எந்த வெள்ளைத் தூளும் எடுபடாது. அங்கே உமிக்கரியைத் தண்ணீரில் பிசைந்து போடலாம். கயிற்றையே கோடாகப் பதிக்கும் யோசனையை விடுங்கள். கால் மாட்டி ஒரு பெடியன் விழுந்தால் போட்டி அதோடு சரி.

கருவி ஒன்றும் பெரிதில்லை. பால்மா ரின்னின் அடியில் மெல்லிய ஆணியால் இருபது ஓட்டை, இரண்டு நீட்டுப் பலகை, அவ்வளவுதான். பலகைகளை 10 சென்ரிமீற்றர் இடைவெளியில் கம்பி வழியே வைத்து, நடுவில் ரின்னைத் தட்டித் தட்டிக்கொண்டு பின்பக்கமாக நடவுங்கள். முன்பக்கமாக நடந்தால் போட்ட கோட்டை உங்கள் காலே அழிக்கும். பலகையைத் தூக்கும்போது நேரே மேலே தூக்குங்கள், இழுத்தால் ஓரம் கலையும். போட்ட கையோடு மாடு வராமல் பார்க்க ஒரு சின்னவனை நிறுத்துங்கள்.

கோல், வலை, பந்து

கம்பங்களின் உள்விளிம்புகளுக்கிடையே 7.32 மீற்றர். குறுக்குக் கம்பத்தின் கீழ்விளிம்பு நிலத்திலிருந்து 2.44 மீற்றர். இரண்டு கரையிலும் நடுவிலும் அளவுங்கள், மரமென்றால் நடுவில் தொய்ந்திருக்கும். தூக்கி வைக்கும் கோலென்றால் பின்சட்டத்தை ஆழமாக முளையடித்துக் கட்டுங்கள். சிறுவர்கள் தொங்கி, கோல் கவிழ்ந்து, உயிரே போயிருக்கிறது. மூலைக்கொடித் தடி 1.5 மீற்றருக்குக் குறையக்கூடாது, மேல்நுனி கூராகவும் இருக்கக்கூடாது.

வலைக்குக் கரையோர ஊர்களில் கவலையில்லை, பழைய மீன்வலையும் அதைப் பொத்தத் தெரிந்த கையும் இருக்கும். கம்பத்தோடு ஒட்டி விறைப்பாக மட்டும் கட்டாதீர்கள். பட்ட பந்து அதே வேகத்தில் வெளியே வரும், பிறகு "கோல்தான்", "கம்பத்தில பட்டது" என்று ஊர் இரண்டுபடும். பின்னால் தள்ளித் தொய்வாகக் கட்டினால் பந்து உள்ளேயே விழும்.

பந்தின் சுற்றளவு 68 முதல் 70 சென்ரிமீற்றர், நிறை 410 முதல் 450 கிராம். காற்று 8.5 முதல் 15.6 பி.எஸ்.ஐ. காலையில் முழுதாக அடித்து வெயிலில் வைத்தால் பின்னேரம் கல்லாகிவிடும். நிழலில் வைத்து, ஆட்டத்துக்குச் சற்று முன் பாருங்கள். ஊசியை நனைக்காமல் குத்தினால் வால்வு கிழியும். மைதான ஓரத்து நெருஞ்சியையும் உடைமுள்ளையும் கூட்டி எடுக்காவிட்டால் எத்தனை பந்தும் காணாது.

கொடியைக் கையில் தந்தால்

கோடு போட்டவரிடம் கொடியையும் கொடுப்பார்கள், தப்ப முடியாது. உங்கள் பாதிக்குள் கடைசிக்கு முந்திய தடுப்பாட்டக்காரருக்கு நேரே நில்லுங்கள், அவர் நகர நகர நீங்களும் நகருங்கள். பந்து அவரையும் தாண்டிக் கோல்கோட்டை நெருங்கினால் பந்துக்கு நேரே போங்கள். கடைசி ஆள் வழமையாகக் கோல்காப்பாளர். தாக்குகிறவர் பந்தையும் அந்தக் கடைசிக்கு முந்திய ஆளையும் தாண்டிக் கோல்கோட்டுக்குக் கிட்ட நின்று பந்தை வாங்கினால் அதுதான் ஓஃப்சைட். அதைப் பார்க்கவேண்டியது பந்தை அடித்த கணத்தில், அது போய்ச் சேர்ந்த கணத்தில் அல்ல. சமமாக நின்றால் ஓஃப்சைட் இல்லை. தன் பாதிக்குள் நின்றாலும் இல்லை. எறிபந்து, கோல்கிக், கோணர் மூன்றிலிருந்தும் நேரே வந்தால் இல்லை. பந்து முழுதாகக் கோட்டைத் தாண்டினால்தான் வெளியே. கோட்டின் மேல் ஒரு விரற்கடை நின்றாலும் உள்ளேதான். 2025 இல் வந்த விதிப்படி கோல்காப்பாளர் 8 செக்கனுக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கோணர். அந்த எண்ணிக்கை மத்தியஸ்தருடைய வேலை, நீங்கள் கையைத் தூக்கவேண்டாம்.

பின்னால் நிற்கும் சனம் கத்தத்தான் செய்யும். அதைக் கேட்டுத் திரும்பிப் பார்த்த அந்த ஒரு செக்கனில்தான் ஓஃப்சைட் தப்பும்.

எல்லாம் முடிந்து முளைகளைப் பிடுங்கும்போது எண்ணிப் பிடுங்குங்கள். புல்லுக்குள் ஒன்று மிஞ்சினாலும் யாரோ ஒருவருடைய காலில் ஏறும். நாலு மூலையிலும் பெட்டி மூலைகளிலும் முளையெடுத்த குழிக்குள் ஒரு சாண் நைலோன் கயிற்றை இறக்கி, நுனி மண்மட்டத்தில் மட்டும் தெரிய மூடிவிடுங்கள். அடுத்த கிழமை நாடா தேவைப்படாது, நுனிகளைத் தேடிக் கம்பியை இழுத்தால் போதும்.