உடைந்த டிரைவ் ஷாஃப்டைத் தூக்கி எறியாதீர்கள்

ரேஸ் காரில் எஞ்சின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட் திரும்பத் திரும்ப உடைந்தால், புதிதை மாட்டும் முன் உடைந்த முகத்தைத் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஓரத்துப் புள்ளி ஒன்றிலிருந்து அலைத்தடம்போல வரிகள் விரிந்தால் அது உலோகச் சோர்வு. விரிசல் பல ஓட்டங்களாக வளர்ந்திருக்கிறது. சுழல் சுழலாக முறுக்கிய தடம் என்றால் ஒரே அடியில் தாங்கமுடியாத முறுக்குவிசை: பெரும்பாலும் ஸ்டார்ட்டில், அல்லது துள்ளிய சக்கரம் மீண்டும் தரையைப் பிடிக்கும்போது.

புது ஷாஃப்டில் நீளவாக்கில் நேராக ஒரு பெயின்ட் கோடு இழுத்துவையுங்கள். ஓட்டத்துக்குப் பின் கோடு சாய்ந்திருந்தால் உலோகம் முறுக்கிக்கொண்டுவிட்டது. அதை மறுபடி ஓட்டவே கூடாது.

சிவி ஜாயின்ட் (ஷாஃப்ட் முனையில், கோணம் மாறினாலும் சுழற்சியைக் கடத்தும் மூட்டு) உடைகிறதென்றால், காரைத் தாழ்த்தி ஷாஃப்டின் கோணத்தை மாற்றியதைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். ஸ்பிரிங்கைக் கழற்றி, சக்கரத்தை ஜாக்கால் மேலும் கீழும் முழுதாக நகர்த்தியபடி ஷாஃப்டைக் கையால் சுற்றுங்கள். எந்த உயரத்தில் இறுகுகிறதோ அங்கேதான் கோளாறு. எஞ்சினைத் தாங்கும் மவுன்ட் ரப்பரையும் பார்த்துவிடுங்கள்; அது தளர்ந்தால் எஞ்சின் அசைந்து ஷாஃப்டின் கோணம் மாறும்.